கைப்பிடியில் ஒரு பீக்கன்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

இரண்டு தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அளவில் இருக்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, கடந்த மூன்று மாதங்களாக என் சைக்கிளின் கைப்பிடியில் இருக்கிறது. அதற்கு விளக்கு கிடையாது, மணி கிடையாது, திரையும் கிடையாது. பக்கவாட்டில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று ஐந்து நொடிக்கு ஒருமுறை மினுங்கும், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அது எதற்கும் உதவாத பொருளாகவே தோன்றும், ஏனெனில் அது மனிதக் கண்களுக்காகச் செய்யப்பட்டதன்று. ஓட்டுநரே இல்லாமலோ, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பெயரளவில் அமர்ந்திருக்கவோ ஓடும் தானியங்கிக் கார்களிடம், இன்ன இடத்தில், இன்ன திசையில், இன்ன வேகத்தில் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார் என்று வானலை வழியாக ஓயாமல் அறிவிப்பதுதான் அதன் வேலை. இப்படி இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டே இருக்கும் கருவியைத்தான் பீக்கன் என்கிறார்கள். கையில் இருப்பது விற்பனைக்கு வருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்பு. குறைகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் தருவதே முறை என்பதால் தயாரித்தவர்களின் பெயரை எழுதவில்லை. பெயர் இல்லாததால் வாசகருக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. இந்த வகைக் கருவிகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே முறையில் இயங்குகின்றன. ஏறத்தாழ ஒரே இடத்தில் சறுக்கவும் செய்கின்றன.

அந்தச் சறுக்கலைப் புரிந்துகொள்ள, 2018 மார்ச் 18 அன்று இரவு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்ப்பி நகரில் நடந்த விபத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது உபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதியதில் அவர் இறந்தார். தானியங்கிக் கார் ஒன்று பாதசாரியின் உயிரைப் பறித்த முதல் நிகழ்வு அது. இருட்டில் அவரைக் காருக்குத் தெரியவில்லை என்றுதான் பலரும் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 நவம்பரில் வெளியிட்ட முடிவுகள் சொல்வது வேறு. மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே காரின் ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் கண்ட பொருளுக்கு என்ன பெயர் வைப்பது என்று மென்பொருளால் தீர்மானிக்க முடியவில்லை. முதலில் வாகனம் என்றது, பிறகு வேறு ஏதோ ஒன்று என்றது, மறுபடியும் வாகனம் என்றது, கடைசியில் சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும், அந்தப் பொருள் அதுவரை எப்படி நகர்ந்து வந்தது என்ற கணக்கைக் கைவிட்டுவிட்டு, அடுத்து எங்கே போகும் என்பதைப் புதிதாகக் கணிக்கத் தொடங்கியது. கடக்குமிடம் அல்லாத இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதற்கு அந்த மென்பொருளில் இடமே இருக்கவில்லை.

ஆகவே அன்று கார் பார்க்கத்தான் செய்தது. பார்த்ததை முடிவாக மாற்றத் தெரியவில்லை. "நான் இங்கே இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும் ஒரு பீக்கன், காருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் மறுபடியும் சொல்லியிருக்கும். "நான் ஒரு மனிதர், என்னிடம் சைக்கிள் இருக்கிறது, இந்தத் திசையில் போகிறேன்" என்று தடுமாறாமல் சொல்லும் பீக்கனுக்கு ஒருவேளை பயன் இருந்திருக்கலாம். இந்தக் கருவியைச் சோதித்த மூன்று மாதங்களும் நான் மனத்தில் வைத்திருந்த கேள்வி அதுதான்: இது என்னைப் பற்றி என்ன சொல்கிறது, சொல்வதில் உறுதியாக நிற்கிறதா?

என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ (SAE) வகுத்த தரநிலையில் தனிநபர் பாதுகாப்புச் செய்தி என்று ஒரு வடிவம் உண்டு. ஐரோப்பாவில் தொலைத்தொடர்புத் தரநிலைகளை வகுக்கும் எட்சி (ETSI) அமைப்பு அதே நோக்கத்துக்கு வேறொரு வடிவத்தை வகுத்திருக்கிறது. என்னிடம் இருப்பது முதல் வகையைப் பின்பற்றுகிறது. செயற்கைக்கோள்களிடமிருந்து பெற்ற இருப்பிடம், வேகம், செல்லும் திசை, பயனர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு ஆகியவை ஒவ்வொரு செய்தியிலும் இருக்கும். நகரும்போது நொடிக்கு 10 செய்திகள், நின்றுவிட்டால் நொடிக்கு ஒன்று. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், இரண்டு செய்திகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான தூரமே நகரும் என்பதால், செய்தி அனுப்பும் இந்த வேகம் போதுமானதுதான். பயனர் வகைகளில் பாதசாரி, மிதிவண்டியோட்டி, மீட்புப் பணியாளர் ஆகியோரோடு விலங்கு என்றும் ஒரு வகை இருக்கிறது. நாய்க்கும் மாட்டுக்கும் பீக்கன் கட்டலாம் என்று தரநிலை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தாலும், இருட்டில் சாலை நடுவே படுத்திருக்கும் மாட்டை நினைத்தால் அது அப்படியொன்றும் வேடிக்கையான யோசனையன்று.

அடுத்தது, சொல்வதைக் கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்ற கேள்வி. இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை கருவிக்கு வெளியே இருக்கிறது. வாகனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 5.9 கிகாஹெர்ட்ஸ் வானலைப் பட்டையில் 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 1999-இலேயே ஒதுக்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பட்டையைப் பெரிதாகப் பயன்படுத்தும் கார்கள் வராததால், 2020 நவம்பரில் அதில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபை போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் 30 மெகாஹெர்ட்ஸை மட்டும் வாகனங்களுக்கு விட்டுவைத்தது. அதோடு, வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த பழைய முறையைக் கைவிட்டு, கைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த புதிய முறைக்கு மாறவும் சொன்னது. அதற்கான இறுதி விதிகள் 2024-இல்தான் வந்தன. ஐரோப்பாவிலோ அந்தப் பழைய முறையின் ஐரோப்பிய வடிவத்தைக் கொண்டு ஓடும் கார்கள் ஏற்கெனவே சாலையில் இருக்கின்றன. இந்த இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று புரியாத மொழிகள். சைக்கிள் தரப்பிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. டிரெக் சைக்கிள் நிறுவனம் 2018-இலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்துடன் சேர்ந்து இத்தகைய திட்டத்தை அறிவித்தது. ஆனால் இன்று சைக்கிளில் பீக்கனை மாட்டிக்கொண்டு ஒரு சாலையில் போனால், எதிரே வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைக் கேட்கும் காதே இல்லை. பூட்டிய வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்துவது போன்ற வேலை இது.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் சோதனைத் தொகுப்போடு, பீக்கனின் செய்தியைப் பெறும் வாங்கி ஒன்றையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டால், அருகில் இருக்கும் பீக்கன்களை அது ஒரு சிறு திரையில் புள்ளிகளாகக் காட்டும். என் தம்பி தன் காரில் அதை வைத்து ஓட்ட, நான் சைக்கிளிலும் நடையிலுமாக அவனுக்கு முன்னால் போய் வந்தேன். ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்திலும், போக்குவரத்துக் குறைந்த குறுக்குச் சாலைகளிலும் ஞாயிறு காலை நேரங்களில் மட்டும் சோதித்தோம். தானியங்கிக் கார் ஒன்றின் மூளைக்குள் இந்தச் செய்தி எப்படிப் பயன்படுத்தப்படும் என்பதை இந்த வழியில் அறிய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செய்தி சரியாகப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்த செய்தி உண்மையா என்பதை மட்டும் அறியலாம்.

கட்டமைப்பைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ரப்பர் பட்டையால் கைப்பிடியில் இறுக்கிக் கட்டலாம், கழற்றிச் சட்டைப் பையிலும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு முறை நல்ல மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. முழுச் சார்ஜில் ஏறத்தாழ 9 மணி நேரம் தாங்கியது. பெட்டியின் மீது 12 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஜிபிஎஸ் ஓயாமல் இயங்கும் எந்தப் பொருளிலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்த வேண்டியது வேறொன்று. சார்ஜ் தீர்ந்தால் கருவி ஓசையின்றி அடங்கிவிடுகிறது. ஒருநாள் மாலை வீட்டுக்குத் திரும்பிக் கழற்றும்போதுதான் பச்சைப் புள்ளி மினுங்காததைக் கவனித்தேன். எப்போது அணைந்தது, எத்தனை சந்திப்புகளை அது இல்லாமலே கடந்தேன் என்று தெரியவில்லை. சைக்கிளின் விளக்கு அணைந்தால் நமக்கே தெரிந்துவிடும், பிரேக் தளர்ந்தால் கை உணர்ந்துவிடும். இது வேலை செய்கிறதா இல்லையா என்பதை, ஓட்டிக்கொண்டிருப்பவர் குனிந்து அந்தக் கடுகளவுப் புள்ளியை உற்றுப் பார்த்தால்தான் அறியலாம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டதற்கு, செயலியில் அறிவிப்பு வரும் என்று பதில் வந்தது. சைக்கிள் ஓட்டும்போது கைபேசியைப் பார்க்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவியை நான் இதற்குமுன் கண்டதில்லை.

இனிச் சோதனைகளுக்கு வருகிறேன். முதல் சோதனையில் கருவி என்னை வியக்க வைத்தது. ஆளுயர மதில் ஒன்று இரண்டு சாலைகளையும் மறைக்கும் மூலை அது. மதிலுக்கு அந்தப் பக்கம் வரும் எதையும் கண்ணாலோ கேமராவாலோ, லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடாராலோ பார்க்க வழியில்லை. தம்பியின் கார் மூலைக்குக் கிட்டத்தட்ட 40 மீட்டர் தொலைவில் இருக்கும்போதே, மதிலுக்கு மறுபுறம் வந்துகொண்டிருந்த என்னை அவனுடைய திரை காட்டிவிட்டது. பத்து முறை செய்து பார்த்ததில் ஒன்பது முறை இப்படியே நடந்தது. ஒருமுறை மட்டும் மூலையை நெருங்கிய பிறகே தெரிந்தது. 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைகள் கனத்த சுவரை ஊடுருவுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டுவதில்லை என்றாலும், எதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பியும் விளிம்புகளில் வளைந்தும் மூலையைச் சுற்றி வந்துவிடுகின்றன. நின்றுகொண்டிருக்கும் பேருந்துக்குப் பின்னாலிருந்து சட்டென்று வெளிப்படும் சிறுவனையும், லாரிக்கு மறைவில் திரும்பும் சைக்கிளையும் நேர்ப்பார்வையை நம்பும் எந்தச் சென்சாராலும் முன்கூட்டி அறிய முடியாது. எத்தனை கேமராக்களைக் கூட்டினாலும் இந்தக் குறை தீராது. பீக்கனுக்கு வாழ்க்கை இருக்குமென்றால் அது இந்த மறைவான மூலைகளில்தான் இருக்கும்.

இரண்டாவது சோதனையில் அந்த வியப்பு கொஞ்சம் இறங்கியது. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் சாலை ஒன்றில், நடைபாதையின் விளிம்பில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றேன். எதிரே காரை நிறுத்தியிருந்த தம்பி கண்ணாடியை இறக்கிக் கத்தினான்: "அக்கா, திரையில நீ கட்டடத்துக்குள்ள நிக்கிற!" சற்று நேரத்தில் அதே புள்ளி, நான் அசையாமல் நிற்கும்போதே, மெல்ல ஊர்ந்து சாலை நடுவுக்கு வந்தது. காரணம் தெரிந்ததுதான். மறைப்பில்லாத வானத்தின் கீழேயே ஒரு கைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 4.9 மீட்டர் ஆரத்துக்குள்தான் இருப்பிடத்தைச் சொல்லும். கட்டடங்களில் மோதித் திரும்பும் சைகைகள் சேர்ந்துகொண்டால் பிழை இன்னும் கூடும். சாலைத் தடம் ஒன்றின் அகலமோ பொதுவாக 3 முதல் 3.7 மீட்டர். ஆகவே நடைபாதையில் நிற்பவருக்கும் சக்கரத்துக்கு முன்னால் நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு, உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு, கருவியின் பிழைக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. இதை நம்பி கார் பிரேக் போட்டால் காரணமில்லாமல் நடுச்சாலையில் நிற்கும். நம்பாமல் விட்டால் பீக்கன் இருந்தும் இல்லாததே. 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதித் தன் முன்னால் வந்து விழுந்த பெண்ணை, குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார் ஏறத்தாழ 6 மீட்டர் தூரம் இழுத்துச் சென்றது. ஒருவர் காருக்கு முன்னால் இருக்கிறாரா, அடியில் இருக்கிறாரா, அருகில் இருக்கிறாரா என்பதை 5 மீட்டர் பிழையுள்ள புள்ளியால் சொல்ல இயலாது.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. காய்கறிப் பை இரண்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே காருக்கு முன்னால் குறுக்காக நடந்தேன். டெம்ப்பியில் நடந்ததை மனத்தில் வைத்தே இப்படிச் செய்தேன். பீக்கனுக்குள் அசைவை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. அதை வைத்துத்தான் நான் சைக்கிள் ஓட்டுகிறேனா நடக்கிறேனா என்று கருவி தானே தீர்மானித்து, பயனர் வகையைச் செய்தியில் நிரப்புகிறது. தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் மிதிவண்டியோட்டி என்று சொன்னது. நாலு எட்டு வைத்ததும் பாதசாரி என்றது. சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மறுபடி மிதிவண்டியோட்டி என்றது. பைகளில் ஒன்று சரிந்ததால் நான் ஒரு கணம் நின்றபோது, வகை தெரியவில்லை என்று அனுப்பியது. தம்பி திரையைக் கைபேசியில் படம்பிடித்து வைத்திருந்தான். சாலையைக் கடந்து முடிப்பதற்குள் ஐந்து முறை என் வகை மாறியிருந்தது. 2018-இல் டெம்ப்பியில் ஓடிய அந்தக் காரின் மென்பொருளுக்கு வந்த அதே குழப்பம், இப்போது என் கைப்பிடிக்கே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: அன்று குழம்பியது காரின் கணிப்பு, இன்று குழம்புவது என் சார்பாகக் கையொப்பமிட்டு அனுப்பப்படும் வாக்குமூலம். அடுத்த பதிப்பில் திருத்த வேண்டியவற்றுள் இதையே முதலாவதாகச் சொல்வேன், திருத்துவதும் கடினமன்று. குழப்பம் வரும்போது "சைக்கிளோடு ஒரு மனிதர்" என்ற ஒரே நிலையில் சில நொடிகள் நின்றுகொள்ளக் கருவிக்குக் கற்றுத்தந்தால் போதும். காரைப் பொறுத்தவரை இரண்டுமே மோதக் கூடாதவைதான்.

நடையர்களுக்கு இது எப்படி உதவுகிறது என்று பார்க்க அம்மாவிடம் ஒரு வாரம் கொடுத்தேன். அவர் அதைக் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டு நடைக்குப் போய்வந்தார். மனித உடலில் பெரும்பகுதி நீர். இந்த அலைவரிசையில் உடல் ஒரு சுவரைப் போலவே அலைகளைத் தடுக்கும். பை அவருக்கு இடப்புறம் தொங்கும்போது வலப்புறமிருந்து வந்த காரின் வாங்கிக்கு, மிக அருகில் வரும்வரை செய்தி சரியாகக் கிடைக்கவில்லை. தோளில் மாட்டிக்கொண்டால் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நடைக்குப் போகும் ஒவ்வொருவரும் தோளில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, இரவில் அதற்குச் சார்ஜ் போட்டு, காலையில் மறக்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று எதிர்பார்ப்பது மனிதர்களை அறியாதவர்களின் கணக்கு. அம்மா மூன்றாம் நாளே அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில், பேட்டரியே தேவைப்படாத ஒரு மாற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்தால் கிடைக்கும் மூலைப் பிரதிபலிப்பான், தன்மேல் படும் அலையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். சைக்கிளின் பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பானிலும், சிறு படகுகள் கப்பல் ரேடாரில் தென்படுவதற்காகக் கம்பத்தில் ஏற்றும் உலோகக் கூண்டிலும், 1969-இல் அப்போலோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்த லேசர்ப் பிரதிபலிப்பானிலும் இருப்பது இதே தத்துவம்தான். கார்களின் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால் அதன் அலைநீளம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் உள்ள ஒரு சிறு மூலைகூட ரேடாருக்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பாகத் தெரியும். ஒரு மனித உடல் பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவாகவே தெரியும். தகரத் துண்டுகளை வெட்டி ஒட்டி நானே ஒன்றைச் செய்து பின்புறக் கேரியரில் கட்டியிருக்கிறேன். இதிலும் குறை உண்டு: அசையாமல் நிற்கும் பொருள்களைச் சாலையோரத் தகரமாகவும் பலகையாகவும் எண்ணி ஒதுக்கிவிடும் பழக்கம் ரேடார் மென்பொருள்களுக்கு இருக்கிறது, பிரதிபலிப்பான் என்னைப் பெரிதாகக் காட்டுமே தவிர, மனிதர் என்று சொல்லாது. என்றாலும் அது எனக்குத் தெரியாமல் அணைந்துபோகாது. இருக்கிற இடத்தைவிட்டு வேறிடத்தில் என்னைக் காட்டவும் காட்டாது.

மனிதக் கண்ணுக்கு உதவுவது இயந்திரக் கண்ணுக்கும் உதவும் என்று நினைத்துவிடவும் கூடாது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தானாகப் பிரேக் போடும் வசதி கொண்ட 3 கார்களை இரவில் பாதசாரிப் பொம்மைகளை வைத்துச் சோதித்தார்கள். அவற்றுள் 2 கார்கள், சாலைப் பணியாளர்கள் அணிவது போன்ற பிரதிபலிப்புப் பட்டைகள் கட்டிய பொம்மைக்கு நிற்கத் தவறின. பாதுகாப்புக்காக அணிந்த பட்டையே பொம்மையை மனித உருவம் இல்லாததாக இயந்திரத்துக்குக் காட்டியிருக்கக்கூடும். ஒளிரும் சட்டையை இதற்காகக் கழற்றிவிட வேண்டியதில்லை, சாலையில் இன்னும் மனித ஓட்டுநர்கள்தான் மிகுதி. ஆனால் ஒரு காரின் மென்பொருளுக்கு எது நம்மை மனிதராகக் காட்டும் என்பதை நாம் உடையாலும் கருவியாலும் ஊகித்து ஊகித்து அணிந்துகொள்ளும் நிலை வந்தால், அதற்கு முடிவே இருக்காது.

ஒப்பீட்டுக்காக இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்மின் நிறுவனத்தின் வேரியா போன்ற பின்புற ரேடார்கள் காருக்கு எதையும் அறிவிப்பதில்லை. பின்னால் 140 மீட்டர் வரை வரும் வாகனத்தைக் கண்டு ஓட்டுபவருக்கு எச்சரிக்கை தருகின்றன. எந்தக் காரிலும் எந்த வாங்கியும் இருக்க வேண்டியதில்லை என்பதால், வாங்கிய நாள் முதலே அவை பயன்படுகின்றன. சொந்தக் காசைச் செலவிட இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இன்றைக்கு நான் ரேடாரைத்தான் எடுப்பேன்.

கண்காணிப்பு அச்சத்தைப் பற்றிப் பலரும் கேட்டார்கள். நொடிக்குப் பத்து முறை இருப்பிடத்தை அறிவிக்கும் பொருள், கேட்கத் தெரிந்த எவருக்கும் என் நடமாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான். இதற்காகத் தரநிலையிலேயே ஏற்பாடு உண்டு: செய்திகளில் பெயரோ நிலையான எண்ணோ இருக்காது, அடிக்கடி மாறும் தற்காலிகச் சான்றிதழ்களால் கையொப்பமிடப்படும், அந்தக் கையொப்பமே போலிச் செய்திகளையும் தடுக்கும். கருவி இதைச் செய்கிறது. ஆனால் பதிவு செய்யும்போது செயலி என் பெயரையும் கைபேசி எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்டது. கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்கு நகர முடியவில்லை. வானலையில் முகத்தை மூடிவிட்டு, செயலியில் முகவரியை எழுதி வாங்கிக்கொள்வதில் என்ன பொருள் இருக்கிறது என்று விளங்கவில்லை.

கடைசியாக, கருவியோடு வந்த சிறு கையேட்டைப் பற்றி. நான்காம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: பீக்கன் அணியாத சாலைப் பயனர்களை வாகனங்கள் கண்டறியாமல் போகலாம். எச்சரிக்கைக்காகவே எழுதியிருப்பார்கள், தீய நோக்கம் இருக்காது. ஆனாலும் மூன்று மாதங்களில் என்னை மிகவும் உறுத்தியது இந்த ஒற்றை வரிதான். பனிச்சரிவில் இறங்குபவர்கள், பனியில் புதைந்தால் தம்மைக் கண்டுபிடிப்பதற்காக 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பும் கருவியை அணிகிறார்கள். விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. அவர்களெல்லாம் பயிற்சி பெற்று, ஆபத்தை அறிந்து, தேர்ந்தெடுத்து அங்கே போகிறவர்கள். சாலையில் நடப்பவர் அப்படி எதையும் தேர்ந்தெடுத்தவர் அல்லர். பள்ளிக்குப் போகும் பிள்ளையும், கைத்தடி ஊன்றிப் போகும் முதியவரும் வீட்டு வாசலைத் தாண்டியதும் சாலைப் பயனர் ஆகிவிடுகிறார்கள். உலகச் சுகாதார அமைப்பின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடப்பவர்களும் சைக்கிளிலும் இருசக்கர வாகனங்களிலும் போகிறவர்களுமே. அத்தனை பேருக்கும் பெட்டி மாட்டுவது நடக்கிற காரியமா? அமெரிக்காவில் 2029 செப்டம்பரிலிருந்து புதிய கார்கள் பகலிலும் இரவிலும் பாதசாரியைக் கண்டு தாமாக நிற்க வேண்டும் என்று 2024-இல் விதி வகுத்தார்கள். அந்த விதி பாதசாரியிடம் எதையும் கேட்கவில்லை. கையேட்டின் அந்த வரி, நாளை ஒரு விபத்து வழக்கில் "அவர் பீக்கன் அணிந்திருக்கவில்லை" என்ற வாதமாக மாற எத்தனை நாள் பிடிக்கும்? அந்த வரியை எடுத்துவிட்டு, "பீக்கன் இல்லாதவரையும் கண்டறிய வேண்டியது வாகனத்தின் பொறுப்பு, இது கூடுதல் உதவி மட்டுமே" என்று எழுதும்படி தயாரிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் ஓட்டும் பகுதியில் இந்தச் செய்தியைக் கேட்கும் வாகனங்கள் உண்மையிலேயே ஓடுகின்றன என்றால், மறைவான மூலைகளும் வாயில்களும் நிறைந்த வழி என்றால், சார்ஜ் தீர்ந்தால் கூவிச் சொல்லும் அடுத்த பதிப்பு வரட்டும் என்று காத்திருந்து வாங்கலாம். தொழிற்சாலை வளாகம், துறைமுகம், சுரங்கம் போன்ற இடங்களில், எல்லா வாகனங்களிலும் வாங்கியைப் பொருத்தி எல்லாப் பணியாளர்களுக்கும் பீக்கனைக் கொடுக்க முடிகிற நிர்வாகத்துக்கு, இப்போதே இது நல்ல பொருள். அங்கே கேட்க ஆள் இருக்கிறது, அணிய மறந்தவரை வாயிலிலேயே நிறுத்தவும் முடியும். பொதுச்சாலையில் தனியாக ஓட்டும் என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் காலம் வரவில்லை. சோதனைக் காலம் முடிந்து பீக்கனையும் வாங்கியையும் அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டேன், நாளை அனுப்ப வேண்டும். கைப்பிடியில் ரப்பர் பட்டை இருந்த இடம் மட்டும் கறுப்புத் தடமாகத் தெரிகிறது. கேரியரில் கட்டிய தகர மூலையைக் கழற்றவில்லை. மழையில் ஓர் ஓரம் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, அடுத்த முறை அலுமினியத்தில் செய்ய வேண்டும்.